டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு வரலாறு?



தலைப்பைப் பார்த்ததுமே, "ஆரம்பிச்சுட்டான்யா!" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவ நினைப்பவர்கள் தயவுசெய்து ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளவும். ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை, ரெண்டு பக்கம் துணுக்கு, ஒரு வேலைவாய்ப்பு வழிகாட்டி, நடுவிலே குரூப் போட்டோ என்பது நமது வழக்கம். இதிலே வரலாறு எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்விதான்.

நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் பரீட்சை எழுதி முடித்த அன்றைக்கே வரலாற்றுக்குத் தலைமுழுகியவர்கள். பாலிடெக்னிக்கில் சர்வே உண்டு, தெர்மல் உண்டு, சர்க்கியூட் உண்டு. சரித்திரம் என்று ஒரு பீரியடு கிடையாது. கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்கிற சிநேகிதனை பஸ்ஸில் பார்த்தால், "என்ன மாப்ள, அசோகர் இன்னைக்கும் மரம் நட்டாரா?" என்று கிண்டல் பண்ணுகிறோம். அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறான்.

"வரலாறு சோறு போடுமா?" என்று கேட்பவர்களுக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். லேத்தும் வெல்டிங்கும் கொடுக்கிற மாதிரி ஒரு கைத்தொழிலை வரலாறு கொடுக்காது. ஆனால் பல்கலைக்கழகத்தில் அதை முறையாகப் படிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. எதைக் கேட்டாலும், "இதை யார் சொன்னது? எப்போ சொன்னது? என்ன ஆதாரம்? சொன்னதால அவருக்கு என்ன லாபம்?" என்று நாலு கேள்வி கேட்கிற பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாததால் நம்ம தென்மாவட்டத்துப் பிள்ளைகள் கொடுக்கிற விலை கொஞ்சநஞ்சமல்ல. பட்டம் வாங்குகிறோமோ இல்லையோ, அந்த நாலு கேள்வி நமக்கும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பாண்டிய நாட்டில் சோழன் பேரில் ஒரு ஊர்

எங்க ஊர் வீரசோழன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக்காரர்களுக்கு ஆட்டுச் சந்தை என்று சொன்னால் தெரியும். வானம் பார்த்த பூமி, கருவேல மரம், கண்மாய்க் கரை, சந்தையன்றைக்கு ஆடு ஏற்றி வருகிற வேன்கள். இதுதான் எங்க ஊர்.

ஆனால் பேரைக் கவனித்தீர்களா? நாம் இருப்பது பாண்டிய நாட்டின் நடுவில். இங்கே சோழன் பேரில் ஊர் எப்படி வந்தது?

செல்போனில் தேடினால் பத்து நிமிஷத்தில் பத்துக் கதை கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு ராஜாவின் படத்தோடு, யாராவது ஒரு சாராருக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி இருக்கும். வரலாறு படித்தவன் அப்படி ஆரம்பிக்க மாட்டான். 'வீரசோழன்' என்பது ஒரு பட்டப்பெயர், அதை ஒன்றுக்கு மேற்பட்ட சோழ மன்னர்கள் தாங்கியிருக்கிறார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்வான். 907-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் பராந்தகன் மதுரையைப் பிடித்து 'மதுரை கொண்ட' என்று தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டவன். அவனுக்கும் வீரசோழன் என்ற பட்டம் உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் எழுதப்பட்ட இலக்கண நூலின் பேரே வீரசோழியம். ராஜராஜன் காலத்தில் நம்ம பாண்டிய நாட்டுக்கே 'ராஜராஜப் பாண்டிநாடு' என்று பேர் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே சோழன் பேர் இங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பேரை மட்டும் வைத்து, "இது இன்னார் கட்டிய ஊர்" என்று அவன் ஒரு வரி எழுத மாட்டான். கல்வெட்டு வேண்டும், செப்பேடு வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிலப் பதிவாவது வேண்டும் என்பான்.

இன்னொரு வேடிக்கை. திருச்சுழிக்குப் பக்கத்தில் குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் இருக்கிறது. அங்கே பழைய சிவன் கோயிலில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உண்டு. அதில் வருகிற ராஜாவின் பேர் 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்'. ஆக, ஒரு ஊர் சோழன் பேரில். பக்கத்து ஊர்க் கல்லில் சோழன் தலையைக் கொண்ட பாண்டியன்! இதோடு முடியவில்லை. சோழ நாட்டுப் பக்கம் போனால் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் தன் கல்வெட்டுகளில் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று போட்டிருக்கிறான்.

ரெண்டு பேரும் அடுத்தவன் தலையைக் கொண்டதாகச் சொல்கிறார்கள். வீரபாண்டியன் கல்வெட்டை மட்டும் படித்தவன் ஒரு போஸ்டர் அடிப்பான். ஆதித்தன் கல்வெட்டை மட்டும் படித்தவன் எதிர் போஸ்டர் அடிப்பான். வரலாற்று மாணவன் ரெண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முந்தியது, எது பிந்தியது, 'தலை கொண்டது' என்றால் வெட்டியதா, இல்லை பணிய வைத்ததா என்று கேட்பான். ஒரே அளவை ரெண்டு தடவை எடுத்து ரீடிங் சரிபார்க்கச் சொல்லித்தருகிறார்களே நம்ம லேபில், அதே வேலைதான் இது.

சாவா மூவாப் பேராடு

ராஜாக்களோடு நின்றுவிட்டால் பாதி வரலாறுதான் தெரியும். பழைய கோயில் கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்தால் அதிகமாகக் கண்ணில் படுவது ஆடுதான் என்றால் நம்புவீர்களா? சந்தையூர்க்காரனான எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

விஷயம் இதுதான். ஒருவர் கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிய வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறார். பணமாகக் கொடுத்தால் செலவாகிப் போகும். ஆகவே ஆடுகளைக் கொடுக்கிறார். ஒரு விளக்குக்கு 50 ஆடு, 90 ஆடு, 96 ஆடு என்று இடத்துக்கு இடம் கணக்கு. அந்த மந்தையை ஒரு இடையர் பொறுப்பேற்றுக்கொள்வார். தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கல்வெட்டு அந்த ஆடுகளை 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்கிறது. சாகாத, கிழடு தட்டாத ஆடு! சாகாத ஆடு உலகத்தில் உண்டா? அர்த்தம் வேறே. கிழட்டு ஆடு கழிந்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். கணக்கில் ஆட்டின் எண்ணிக்கை என்றைக்கும் குறையக்கூடாது.

இன்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்டில் தேய்மானம், மாற்று முதல், பராமரிப்பு ஒப்பந்தம் என்று படிக்கிறோமே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட பராமரிப்பு ஒப்பந்தம் இது. இதை ஓட்டியது ராஜா இல்லை. பேர் கூட முழுசாகத் தெரியாத ஒரு ஆட்டுக்காரர். 'ஆண்ட பரம்பரை' என்று மார்தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆண்டவர்கள் பத்துப் பேர் என்றால், ஆடு மேய்த்தவர்கள், கண்மாய் வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், தறி ஓட்டியவர்கள் பத்தாயிரம் பேர். நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் அந்தப் பத்தாயிரத்தில் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. விளக்கை அணையாமல் எரிய வைத்தது அவர்கள்தான்.

மலையில் பேர் வெட்டிய மாணவர்கள்

பெஞ்சில் காம்பஸ் முனையால் பேர் செதுக்குவது நம்ம ஆட்களுக்குக் கைவந்த கலை. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு!

காரியாபட்டிப் பக்கம் ஆவியூரை ஒட்டிக் குறண்டி என்று ஒரு ஊர். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே 'திருக்காட்டாம்பள்ளி' என்ற பேரில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. பள்ளி என்றால் துறவிகள் தங்கிப் படித்த, படிப்பித்த இடம். நாம் இன்றைக்கு ஸ்கூலுக்குப் 'பள்ளிக்கூடம்' என்று சொல்வதே இந்த வழியில் வந்ததுதான் என்பார்கள். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பேர்கள் வெட்டியிருக்கின்றன. அதில் பல, 'வெண்பு நாட்டுக் குறண்டி'யிலிருந்து போன ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் செய்துவைத்த சிற்பங்கள் என்று சொல்கின்றன. 'இன்னாருடைய மாணாக்கர் இன்னார்' என்றே கல்வெட்டில் வருகிறது.

நண்பர்களே, இந்த வறண்ட பூமியில் படிப்பு நேற்றைக்கு வந்ததில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து போன மாணவர்கள் தன் வாத்தியார் பேரோடு தன் பேரையும் மலையில் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். தோழியர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கழுகுமலைக் கல்வெட்டுகளில் 'குரத்தியார்' என்று பெண் குருமாரும் வருகிறார்கள். "நம்ம பக்கம் எல்லாம் பின்தங்கின ஏரியா, படிப்பு ஏறாது" என்று யாராவது சொன்னால், குறண்டிக்கு ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கும் ஒரு ஜாதகம் உண்டு

"இதெல்லாம் சரி, என் சிவில் வேலைக்கு இது எதுக்கு?" என்று கேட்கிற நண்பருக்கு முல்லைப் பெரியாறு பதில் சொல்லும்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுயிக் துரைக்கு முன்னாலேயே இருந்தது. 1789-ல் ராமநாதபுரம் சீமையின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். முடியும் என்றார்கள்; பணம்தான் இல்லை. 1876 தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம் ஜனங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுபோட்ட பிறகே வேலை வேகம் பிடித்தது. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 1895-ல் அணை திறப்பு. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை.

அந்த அணை தாங்குமா தாங்காதா, எத்தனை அடி நிறுத்தலாம் என்பது என்ஜினியரிங் கேள்விதானே? ஆனால் 2006-லும் 2014-லும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னபோது கான்கிரீட் பலத்தோடு 1886 ஒப்பந்தத்தையும் அலசத்தான் வேண்டியிருந்தது. 142 அடி வரை தேக்கலாம் என்பது 2014 தீர்ப்பு. தென்மாவட்டத்து விவசாயிகளின் வயலுக்குப் போகிற தண்ணீர், 128 வருஷத்துக்கு முந்திய ஒரு பத்திரத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்ததில் நின்றது.

அந்தத் தண்ணீர் நம்ம திருச்சுழி சீமைக்கு வரவில்லை. நமக்கு குண்டாறும் கண்மாயும்தான் கதி. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். சங்கிலி மாதிரி. எந்த மடை எந்த வயலுக்கு, கலுங்கு ஏன் இந்த உயரத்தில் இருக்கிறது, வரத்துக்கால் ஏன் வளைந்து போகிறது என்பதெல்லாம் சும்மா வைத்ததில்லை. இதில் பல கண்மாய்கள் ராமநாதபுரம் ஜமீனிடம் இருந்தவை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து சர்க்கார் கைக்கு மாறியவை. இன்றைக்கும் பொதுப்பணித்துறை ஆட்கள் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஓவர்சியர் ஜே.சி.பி.யை விட்டு வரத்துக்காலை நேராக்குவான். அடுத்த மழையில் ஊரே அவனைத் திட்டும். 2021-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டம் நம்ம பக்கம் வரும்போது கால்வாய் வெட்டுகிற வேலைக்கு நம்மில் சில பேர் போகலாம். பழைய வரத்துக்கால் எது என்று தெரிந்தவன் போனால் ஊருக்கு நல்லது.

"ஆதியில இருந்தே இப்படித்தான்"

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம்.

நம்ம பக்கம் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தை உண்டு: "இது ஆதியில இருந்தே இப்படித்தான்." யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எந்தக் கோயிலுக்குள் போகலாம், யார் யாருக்கு முன்னால் உட்காரலாம் என்று வருகிறபோதெல்லாம் இந்த வார்த்தை வந்துவிடும். வரலாறு படிப்பதால் கிடைக்கிற பெரிய லாபம் என்று நான் நினைப்பது, இந்த 'ஆதி'க்குத் தேதி கேட்கத் தெரிவது.

எங்க ஊரிலிருந்து கமுதி ரொம்ப தூரமில்லை. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் போய் வழிபட்டார்கள். அது வழக்குக்குப் போனது. மதுரைக் கோர்ட், சென்னை ஹைகோர்ட், கடைசியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. காரணம்? பழைய வழக்கம்! சரியாக 31 வருஷம். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் முன்னின்று, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துப் போனார். அதே வருஷம் சட்டமும் வந்தது. லண்டன் வரை போய் உறுதி செய்த 'என்றைக்கும் உள்ள வழக்கம்' 31 வருஷத்தில் உடைந்தது.

இன்னொன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று 1871-ல் வெள்ளைக்காரன் ஒன்று கொண்டுவந்தான். 1911-க்குப் பிறகு அதை நம்ம பக்கத்துக்கும் விரித்தான். ஒரு சமூகத்தில் பிறந்துவிட்டால் போதும், குற்றவாளிப் பட்டியலில் பேர், ரேகை, ராத்திரியில் ஸ்டேஷன் காவல். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பிறப்பை வைத்து மனுஷனைக் குற்றவாளி ஆக்குவது எத்தனை அநியாயம் என்பது இந்தக் கதையைப் படிக்கிற யாருக்கும் புரியும். அதே அநியாயத்தைப் பிறப்பை வைத்தே இன்னொருவருக்கு நாம் செய்யலாமா என்ற கேள்வியும் கூடவே வரும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கூடப் படித்த பையன்களே ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் ஜாதி அடையாளமாகக் கலர் கயிறு கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைக் கத்தரிக்கோல் அறுத்துவிடும். மண்டைக்குள் இருக்கிற கயிற்றை என்ன செய்வது? அந்தப் பையன்களின் தலையில் யாரோ ஒருவர் ஒரு 'சரித்திரத்தை' ஏற்றியிருக்கிறார். "நாம யாரு தெரியுமா? நம்ம முன்னோர் யாரு தெரியுமா?" என்று. அப்போது பக்கத்தில் ஒரே ஒரு சிநேகிதன், "ஏம்ப்பா, இதுக்கு என்ன ஆதாரம்? எந்தக் கல்வெட்டு? எந்த வருஷம்?" என்று கேட்டிருந்தால்? எல்லாச் சண்டையும் அதோடு நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஜாதிக்கு நிலம், பணம், ஓட்டு என்று வேறு வேர்களும் உண்டு. ஆனால் பொய்ச் சரித்திரம் அதற்கு ஊற்றுகிற தண்ணீர். அதையாவது நிறுத்தலாம்.

வரலாற்றுக்கும் நாம் வேண்டும்

இதுவரை வரலாற்றால் நமக்கு என்ன என்று பார்த்தோம். நம்மால் வரலாற்றுக்கு என்ன என்றும் பார்க்க வேண்டாமா?

ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமாவும் நம்ம பேராசிரியர் சுப்பராயலுவும் இன்னொரு ஜப்பானிய அறிஞரும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வருகிற ஆயிரக்கணக்கான ஆட்பேர்களைத் தொகுத்துக் கம்ப்யூட்டர் துணையோடு வரிசைப்படுத்தி 1978-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அது அச்சானது மதுரையில்! பட்டப்பேர்களை எண்ணிப் பார்த்தே, பிற்காலச் சோழர் ஆட்சியில் நிலம் தனியார் கைக்குப் போனதை எடுத்துக்காட்டினார்கள். மாங்குளம் மலைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பேரை 1965-ல் படித்துச் சொன்ன ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சிந்துவெளி எழுத்துகளை அவரும் கம்ப்யூட்டர் உதவியோடு தொகுத்து 1977-ல் வெளியிட்டார்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் தொடங்கிய தோண்டலில் வெறும் மண்வெட்டி மட்டும் வேலை செய்யவில்லை. லெவல் எடுக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், ஒவ்வொரு பொருளும் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று குறிக்க வேண்டும். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்க லேபுக்குப் போய், கி.மு. 580 என்று காலம் தெரிந்துவந்தது. 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. 'எத்தனை ஆழம்' என்ற அந்த ஒரு அளவு தப்பியிருந்தால் 580 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை. நம்ம மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டையில் 2022 முதல் தோண்டி, சங்கு வளையல் செய்த தொழிற்கூடத்தின் தடயங்களை எடுத்திருக்கிறார்கள். சர்வே தெரிந்த டிப்ளமோக்காரனுக்கு இதில் வேலை இல்லையா?

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிறவர்கள். குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, அதில் பொது அறிவு 75. வரலாறும் தமிழ்நாட்டுப் பண்பாடும் அதற்குள்தான். ஆகவே மார்க்குக்கும் உதவும். ஆனால் மார்க் வாங்கின மறுநாள் மறந்துபோகிற வரலாற்றை நான் இங்கே சிபாரிசு செய்யவில்லை.

என்ன செய்யலாம்?

வெறும் உபதேசம் பண்ணிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. நமது மாணவர் பேரவை முன்னால் நாலு யோசனை வைக்கிறேன்.

ஒன்று: நம்ம லைப்ரரியில் வரலாற்றுக்கு ஒரு அலமாரி. சதாசிவ பண்டாரத்தாரின் பாண்டியர் வரலாற்றில் ஆரம்பித்து, நம்ம வட்டாரத்துக் கல்வெட்டுத் தொகுப்பு வரைக்கும் பத்துப் புத்தகம் போதும்.

இரண்டு: ஆளுக்கு ஒரு 'ஊர் நோட்டு'. அவரவர் ஊரில் கண்மாய் எத்தனை, மடை எத்தனை, வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, பழைய தெருப் பேர் என்ன என்று வயசானவர்களிடம் கேட்டு எழுதுவது. "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ..." என்று ஆரம்பித்தால் போதும், அவர்களே சொல்லுவார்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கிற பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். தாத்தா பத்திரத்தில் ராமநாதபுரம் ஜில்லா, அப்பா சர்டிபிகேட்டில் காமராஜர் மாவட்டம், நம்ம சர்டிபிகேட்டில் விருதுநகர் மாவட்டம். வீடு ஒன்றுதான், நகரவே இல்லை. 1910-ல் உருவான ஜில்லா 1985-ல் பிரிந்து, 1997-ல் பேர் மாறிய கதை அந்த மூன்று தாளில் இருக்கிறது. சிவில் மாணவர்கள் எல்லா நோட்டையும் சேர்த்துக் கண்மாய்ச் சங்கிலிக்கு ஒரு வரைபடம் போடலாம்.

மூன்று: எழுத்து இருக்கிற கல்லைக் கண்டால் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், மணல் பீய்ச்சிச் சுத்தம் பண்ண விடாதீர்கள், துணி துவைக்கப் போட விடாதீர்கள். போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். வீடு கட்டத் தோண்டும்போது காசோ சிலையோ கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் வருஷச் சட்டம். நாளைக்கு சைட் என்ஜினியர் ஆகப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு: இதுதான் முக்கியம். நமது ஹாஸ்டலிலும், கேன்டீனிலும், செல்போன் குரூப்பிலும் யாராவது ஒரு 'வீர வரலாறு' போட்டால், லைக் போடுவதற்கு முன்னால் அந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். நம்ம ஜாதியைப் புகழ்ந்து வந்தாலும் கேளுங்கள். நம்ம மதத்தைப் புகழ்ந்து வந்தாலும் கேளுங்கள். அடுத்தவரைப் பற்றி வருவதை மட்டும் சோதிப்பவன், ஒரு பக்கத் தட்டை மட்டும் பார்த்து நிறுக்கிறவன்.

அப்புறம், பி.ஏ. வரலாறு படிக்கிற அந்த சிநேகிதனை அடுத்த தடவை பஸ்ஸில் பார்த்தால், அசோகரை விட்டுவிட்டு வேறு ஒன்று கேளுங்கள். "மாப்ள, எங்க ஊர்க் கோயில்ல ஒரு கல்லு கெடக்கு, என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாள் வந்து பாத்துச் சொல்றியா?" அவன் வருவான். நீங்கள் டேப் பிடியுங்கள், அவன் எழுத்தைப் படிக்கட்டும்.



- வீரசோழனிலிருந்து ஒரு இறுதியாண்டு மாணவன், அமைப்பியல் துறை